எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?

சாவு செய்தி சொல்ல போன் அடித்தால் நம் ஆட்கள் முதலில் "ஐயோ" என்பார்கள். இரண்டாவது, "எப்போ?" மூன்றாவது கேள்விதான் முக்கியமான கேள்வி: "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" அந்த மணியை வைத்துத்தான் மற்ற எல்லாமே. யார் வருவார், யார் முகம் பார்ப்பார், யார் சுடுகாட்டிலிருந்து திரும்பிய கூட்டத்தை வாசலில் எதிர்கொண்டு நிற்பார்.

பாட்டி ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரைக்குப் போனார். நிபோங் திபாலில், எங்கள் வீட்டில், தூக்கத்தில். மறுநாள் புதன். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். தகனத்துக்கு மூன்று மணிக்கு இடம் கிடைத்தது. ஆகவே வீட்டிலிருந்து இரண்டு மணிக்கு எடுப்பது என்று பெரியப்பா முடிவு செய்தார். அக்கா தவாவில் இருந்தாள். சபாவின் மறுகோடி. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதவி நிர்வாகி. (தாத்தா தோட்டத்தை விட்டு வெளியே வரப் பட்ட பாட்டுக்கு, பேத்தி இரண்டரை மணி நேரம் பறந்து இன்னொரு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

"நாலு பேருமே வர்றோம்டா. பிள்ளைங்கள பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்றாள் அக்கா. தவாவிலிருந்து காலை விமானம், கோலாலம்பூரில் மாறி, பினாங்கு. பன்னிரண்டரைக்கு பாயான் லெப்பாஸில் இறங்கினால் இரண்டாவது பாலத்தைப் பிடித்து ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். திரையில் ஆளுக்கு 890 வெள்ளி. நான்கு பேருக்கு 3,560. ஒரு வழிக்கு.

நான் அப்போது சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "கொஞ்சம் பொறு அக்கா, நான் குறைச்சித் தர்றேன்."

நான் எஞ்சினியர் அல்லவா. நிபோங் திபாலிலேயே இருக்கிற அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் படித்தவன். பத்து காவானில் வேலை. பாங்காக்குக்கு 59 வெள்ளியில் போய்வந்து, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து நண்பர்களுக்கு டிக்கெட் வாங்கும் வித்தை சொல்லிக் கொடுத்தவன். அந்த வித்தை எல்லாவற்றையும் அன்றிரவு செய்தேன். மறைநிலையில் பிரவுசரைத் திறந்தேன். குக்கீயை அழித்தேன். விபிஎன் போட்டு இந்தோனேசியாவிலிருந்து தேடுகிறவன் மாதிரி தேடினேன். நள்ளிரவு தாண்டினால் விலை இறங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்தேன். ஹாலில் பாட்டியைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அறையில் செல்லும் லேப்டாப்புமாக 890-ஐ 700 ஆக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குப் பார்க்கும்போது காலை விமானத்தில் நான்கு இடம் இல்லை. பகல் விமானத்தில் இருந்தது. 520 வெள்ளி. குறைத்துக் கொடுத்துவிட்டேன்.

அக்கா வந்து சேர்ந்தபோது இரவு ஏழு மணி. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரை என் குற்ற உணர்ச்சியைப் பற்றியது அல்ல. அதை நான் வைத்துக்கொள்கிறேன். "கடைசி நேர விமான டிக்கெட்டை மலிவாக வாங்குவது எப்படி" என்று நமக்கு ஓயாமல் சொல்லித் தரப்படும் அந்தப் பொய்யைப் பற்றியது. அப்படி ஒரு தள்ளுபடி இல்லை. வழக்கமான விமானச் சேவையில் அது இருக்கக்கூடாது என்பதற்காகவே ஐம்பது வருடமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். 1977 செப்டம்பரில் ஃபிரெட்டி லேக்கர் என்ற ஆங்கிலேயர் லண்டன்–நியூயார்க் 'ஸ்கைட்ரெய்ன்' விட்டார். முன்பதிவு கிடையாது. அன்றைக்குப் போகிற விமானத்துக்கு அன்றைக்கே வரிசையில் நின்று வாங்க வேண்டும். லண்டனிலிருந்து 59 பவுண்டு. பஸ் மாதிரி. கடைசி நேரத்தில் வருகிறவனுக்கு மலிவு என்பது அப்போது நிஜம். 1982 பிப்ரவரியில் கம்பெனி திவால். 1998-ல் இங்கிலாந்தில் 'லாஸ்ட்மினிட் டாட் காம்' வந்தது; கடைசி நேரம் என்றால் மலிவு என்ற நினைப்பு அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பரவியது. நாம் இன்னும் அந்த நினைப்பில் இருக்கிறோம். விமானக் கம்பெனிகள் வேறு பக்கம் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

வேறு பக்கம் என்றால் எது? 1972-ல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசி-யில் வேலை செய்த கென் லிட்டில்வுட் என்பவர் ஒரு விதி சொன்னார். பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு இடத்துக்கு இன்று 150 வெள்ளி தர ஒருவர் நிற்கிறார். கடைசி நாளில் வருகிறவர் 600 தருவார். இப்போது நிற்பவருக்கு விற்கலாமா? 150-ஐ 600-ஆல் வகுத்தால் கால். அந்த 600 வெள்ளி ஆள் வருவதற்கான வாய்ப்பு காலுக்கு மேல் இருந்தால், 150-ஐத் திருப்பி அனுப்பு. அவ்வளவுதான் விதி. பிறகு வந்ததெல்லாம் இதன் பிள்ளை குட்டிகள். 1978-ல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைப் பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றியது. அதன் தலைவர் ராபர்ட் கிராண்டல் இதற்கு 'ஈல்டு மேனேஜ்மென்ட்' என்று பெயர் வைத்தார்.

எங்கள் தொழிற்சாலையில் ஈல்டு என்றால் நூறு சிப்பில் எத்தனை தேறும் என்பது. விமானத்தில் ஈல்டு என்றால் ஒரு ஆளிடமிருந்து எவ்வளவு தேறும் என்பது. ஒரே சொல். நாங்கள் சிலிக்கானைச் சோதிக்கிறோம். அவர்கள் நம் அவசரத்தைச் சோதிக்கிறார்கள்.

"காலியாகப் போகிற இடத்தை அரை விலைக்காவது விற்கலாமே, நஷ்டம்தானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு விமானத்துக்கு மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் கடைசி நாளில் விலை இறங்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் எல்லோரும் கடைசி நாள்வரை காத்திருப்பார்கள். 600 வெள்ளிக்காரரும் காத்திருப்பார். அதனால் காலியாகப் போனாலும் போகட்டும், இறக்காதே. பக்கத்து இடம் காலியாக இருக்கும்போது நீங்கள் 890 கொடுத்து உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். அந்தக் காலி இடம் உங்களை அடுத்த முறையும் பயப்பட வைக்க.

மறைநிலை பிரவுசர், செவ்வாய்க்கிழமை இரவு, குக்கீ எல்லாம் நம் காலத்து ஜோசியம். அக்காவுக்கு விலை ஏறியது என் கணினியைக் கண்காணித்ததால் அல்ல. ஒரே எகானமிக்குள் பத்துப் பன்னிரண்டு விலைப் பெட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. மலிவுப் பெட்டியில் இரண்டே இடம் மிச்சமிருந்து, நீங்கள் நான்கு பேருக்குத் தேடினால், பொதுவாக அது நான்கு இடம் உள்ள மேல் பெட்டிக்குத் தாவி, நான்கு பேருக்கும் அந்த விலையைப் போடும். அன்றிரவு ஒவ்வொருவராகத் தேடியிருந்தால் இரண்டு டிக்கெட்டாவது குறைவாகக் கிடைத்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை எந்த வித்தைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. சரி, நான் சொல்லிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: பினாங்கு விலை எகிறினால் ஈப்போவையும் அலோர் ஸ்டாரையும் பாருங்கள், சாலையில் வந்துவிடலாம். போகாத டிக்கெட்டின் விமான நிலைய வரியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் காசு. இதற்கு மேல் வித்தை இல்லை. இருக்கிறது என்கிறவர் உங்கள் கிளிக்கை விற்றுச் சம்பாதிக்கிறவர்.

இனி எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம். அந்தக் கணக்கில் 600 வெள்ளி ஆள் யார்? பாடப்புத்தகத்தில் அவர் கோட்டுப் போட்ட அதிகாரி. திடீர் மீட்டிங். காசு கம்பெனியுடையது. விலை ஏறினாலும் வாங்குவார். பொருளாதாரத்தில் இதற்கு நெகிழ்ச்சியற்ற தேவை என்று பெயர். நல்லது. ஆனால் விலை ஏறினாலும் வாங்குகிற இன்னொரு ஆள் இருக்கிறார். அம்மா ஐசியூவில் இருக்கும் தாதி. தம்பி மோட்டார் சைக்கிளில் விழுந்த செய்தி வந்த தொழிற்சாலைப் பெண். என் அக்கா. சமன்பாட்டுக்கு இவர்களும் அந்த அதிகாரியும் ஒன்று. இருவருமே நாளைக்கே போக வேண்டியவர்கள், இருவரும் பேரம் பேச மாட்டார்கள். ஒருவருக்கு ரசீது கொடுத்தால் ஆபீஸ் திருப்பித் தரும். இன்னொருவர் சீட்டுக் காசை எடுத்துக் கட்டுவார். சில நேரம் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்.

"முன்னாடியே புக் பண்ணணும்" என்று ஒருவர் சொல்வார். எல்லா விவாதத்திலும் ஒருவர் வந்து இதைச் சொல்வார். பாட்டியின் சாவை மூன்று மாதம் முன்பே புக் செய்வது எப்படி என்று அவரே ஒரு கட்டுரை எழுதட்டும், இதே இதழில் போடச் சொல்லிக் கேட்கிறேன்.

மலிவு விமானங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2001-ல் டோனி ஃபெர்னாண்டஸ் கடனில் கிடந்த ஒரு கம்பெனியை ஒரு வெள்ளிக்கு வாங்கினார். அதன் பிறகுதான் எங்கள் மாதிரி வீடுகளில் விமானம் என்பது வழியனுப்பப் போய்ப் பார்க்கிற பொருள் என்பது மாறியது. 2008 டிசம்பரில் திருச்சிக்கு நேரடியாகப் பறக்க ஆரம்பித்தார்கள். 2024 டிசம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கே விட்டது. இதெல்லாம் நிஜமான நன்மை. ஆனால் என் 59 வெள்ளி பாங்காக் டிக்கெட்டின் மிச்சக் காசை யார் கொடுத்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் கொடுத்திருப்பார். அவர் கோட்டுப் போட்டிருந்தாரா, அழுதுகொண்டிருந்தாரா என்று நான் பார்க்கவில்லை. நான் செல்பி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நம் இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் நீங்கள். கப்பலைப் பற்றி நம்மிடம் எத்தனை கதை! 'ரஜுலா' என்றாலே எழுத்தாளருக்குக் கண் கலங்கிவிடும். 1926-ல் கட்டிய கப்பல், 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு என்று ஓடியது. டெக்கில் ஆயிரக்கணக்கில் ஆட்கள். அதற்குப் பிறகு 'சிதம்பரம்', 1985-ல் அது தீப்பிடித்தது. கடலும் வாந்தியும் ஏக்கமும் எழுதித் தீர்ந்தாகிவிட்டது. டிக்கெட்டை யார் வாங்கினார் என்று எழுதியவர் குறைவு.

வரும்போது டிக்கெட்டுக்கு நாம் காசு கட்டவில்லை. 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்து ஒரு குடியேற்ற நிதி உண்டாக்கினார்கள். முதலில் அதன் பெயரே தமிழர் குடியேற்ற நிதி, பிறகு இந்தியர் குடியேற்ற நிதி. அதிலிருந்து கூலி ஆளின் கப்பல் கட்டணம் போனது. 1938-ல் இந்திய அரசு நிறுத்தும்வரை இது நடந்தது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து ஆள் வேண்டாம் என்றானபோது ஆயிரக்கணக்கான பேரை அதே நிதியிலிருந்து காசு கட்டித் திருப்பி அனுப்பினார்கள். நிபோங் திபாலைச் சுற்றியிருந்த பைராம், கலிடோனியா, விக்டோரியா தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் இப்படித்தான். முதலாளிக்கு வேண்டும் என்றபோது டிக்கெட் இலவசம். வேண்டாம் என்றபோதும் இலவசம். நமக்குப் போக வேண்டும் என்றபோது மட்டும்தான் விலை வந்தது.

பாட்டி சொல்வார்: அவருடைய அம்மாவின் அம்மா ஊரில் இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேரும்போது பதினாறே முடிந்திருந்ததாம். பூட்டி லயத்துக் குழாயடியில் தலை முழுகி, ராத்திரி முழுக்க அழுதுவிட்டு, விடிகாலை பால்மரம் வெட்டப் போய்விட்டாராம். அதில் ஒரு கொடூரம் இருக்கிறது. ஆனால் போகவில்லையே என்று பூட்டியை யாரும் குறை சொல்லவில்லை. போகவே முடியாது, கடல். இப்போது கடல் இல்லை. தவாவ் மூன்று மணி நேரத்துக்குள். போக முடியும், காசு இருந்தால். ஆகவே போகாதது நம் தப்பாகிவிட்டது. சின்னத்தை எட்டாம் நாளன்று அக்காவிடம் கேட்டார், "ஏம்மா, ஆயிரம் வெள்ளி பெருசா போச்சா உனக்கு?" அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பூட்டியின் காலத்தில் கேட்க முடியாத கேள்வி இது. இதை எழுதுங்கள் என்கிறேன்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் முன்பு பல கம்பெனிகள் துக்கக் கட்டணம் என்று தனியாக வைத்திருந்தன. அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் 2014-ல் எடுத்துவிட்டன. டெல்டா இன்னும் வைத்திருக்கிறது. ஏர் கனடாவிலும் உண்டு. அங்கே 2022-ல் பாட்டி இறந்த ஒருவர் கம்பெனியின் சாட்பாட்டிடம் கேட்டார். முதலில் டிக்கெட் எடுங்கள், பிறகு துக்கச் சலுகைக்கு எழுதலாம் என்று அது சொன்னது. எழுதினால், பயணத்துக்குப் பிறகு தர முடியாது என்றார்கள். சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றும் வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், பொறுப்புதான், சுமார் 812 டாலர் கொடு என்றது. உலகமெல்லாம் அதைச் செயற்கை நுண்ணறிவுச் செய்தியாகப் படித்தது. எனக்கு அது ஒரு பேரன் பாட்டி சாவுக்குப் போன கதை.

இங்கேயும் அரசாங்கத்துக்கு விலையைக் கட்டத் தெரியும். 2025 நோன்புப் பெருநாளுக்குச் சபா, சரவாக், லாபுவானுக்கு ஒரு வழி 499 வெள்ளிக்கு மேல் போகாமல் உச்சவரம்பு வைத்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்குப் போய்வர 'ஃபிளைசிஸ்வா' என்று 2023-ல் 300 வெள்ளி உதவி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பெருநாள் காலண்டரில் இருக்கிறது. சாவு காலண்டரில் இல்லை, அதனால் அதற்கு உச்சவரம்பும் இல்லை. நான் கேட்பது: சபா, சரவாக் தடங்களிலாவது, ஒவ்வொரு விமானத்திலும் கடைசி 24 மணி நேரத்துக்கு நான்கு இடம், அதே 499-க்குள். துக்கத்துக்கு மட்டும். யார் பாக்கி கட்டுவது? பூட்டியைக் கொண்டுவரத் தலைக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கத் தெரிந்த நாடு இது. டிக்கெட்டுக்கு ஐம்பது காசு பிரிக்கத் தெரியாதா?

பொய் சொல்லி வாங்குவார்கள் என்பார்கள். எரிக்கவோ புதைக்கவோ அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்த நாட்டில் யாரையும் எடுக்க முடியாது. எங்களுக்கும் விடிவதற்குள் சீட்டு வந்துவிட்டது. அதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். முப்பது விநாடிக்கு ஒரு தடவை விலையை மாற்றத் தெரிந்த கணினிக்கு ஒரு சீட்டைப் படிக்கத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கருமாதிக்கு இருந்துவிட்டுப் போக அக்கா திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடப் பார்த்தாள். துக்கம் என்றால் கட்டணம் இல்லாமல் மாற்றித் தருவார்களாம். படிவத்தில் ஒரு பட்டியல் இருந்தது: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். பாட்டி இல்லை. அக்காவைப் பன்னிரண்டு வயதுவரை வளர்த்தது பாட்டிதான். அம்மா அப்போது ஜூருவில் இரவு ஷிப்ட். கவுண்டரில் இருந்த பெண் நம் பெண்தான். ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மான்னு போட்டுடவாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாளாம். அக்கா வேண்டாம் என்றாள். அம்மா உயிரோடு இருக்கும்போது எப்படி அப்படி எழுதுவது. ஆளுக்கு 180 வெள்ளி அபராதம் கட்டிவிட்டு வந்தாள். யாராவது சட்டம் எழுதினால் அந்தப் பட்டியலை நம் வீடுகளுக்கு வந்து எழுதட்டும். அத்தை, சித்தப்பா, தாய்மாமன், வளர்த்தவர் எல்லோருக்கும் அதில் ஒரு வரி வேண்டும்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அம்மாவுக்குச் சீனி எவ்வளவு, கால் வீக்கம் குறைந்ததா என்று கேட்டாள். பிறகு, வங்கியில் தனியாக ஒரு கணக்குத் திறந்திருப்பதாகச் சொன்னாள். நாலாயிரம் வெள்ளி. எந்தச் செலவுக்கும் அதைத் தொடுவதில்லையாம். "எதுக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதடா" என்றாள்.